வாசலில் நிற்பவர் பற்றிய உண்மைகள்

வெள்ளவத்தை
09.02.2025

அன்புள்ள துஷ்யந்தி,

நடந்ததை நடந்தபடியே, கூட்டாமல் குறைக்காமல் எழுதப் போகிறேன். இது உன் அண்ணனைப் பற்றியது என்பதால் ஒரு சொல் பிசகினாலும் நீ கண்டுபிடித்துவிடுவாய். அம்மா என் கைப்பேசியைச் சாதாரண தரப் பரீட்சை முடியும்வரை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டா. உன் அம்மாவைப் பார்த்துக்கொள்ள நீ போயிருக்கும் பொகவந்தலாவை வீட்டிலோ சிக்னல் இல்லை. ஆகவே இனி நமக்குத் தபால்தான்.

இன்று பிரதீஸ் அண்ணாவுக்கு லீவு. நீ சொன்னபடி ஜிந்துப்பிட்டியில் உன் அப்பாவின் அறைக்குப் போனேன். புறப்படும்போது அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "ஆமிக்காரன்ர வீட்டில உனக்கு என்ன வேலை?" என்றார். "பள்ளிக்கூட ஒப்படைதானே, போகட்டும் விடுங்கோ" என்று அம்மாதான் என்னை அனுப்பினா. என் சித்தப்பாவைத் தொண்ணூற்றாறில் ஒரு சோதனைச்சாவடியில் இறக்கிக் கொண்டுபோனார்கள். அவர் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு அப்பா சீருடையைக் கண்டால் வீதியின் மற்றப் பக்கம் மாறி நடப்பார். உனக்கு இது தெரியும். ஆனாலும் எழுதுகிறேன்.

உன் அண்ணாவைப் போலக் கோட்டையில் சடங்குச் சீருடையில் அசையாமல் நிற்கும் வாசல் காவலர்களைப் பற்றி வட்ஸ்அப்பில் சுற்றுகிற கதைகளைப் பட்டியல் போட்டுக் கொண்டுபோய் ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

"கண் இமைக்கக் கூடாதாமே?"

"இமைக்காம எப்பிடிம்மா? கண்ணு காஞ்சு போயிடும்ல?" (போன கிழமை கோட்டைக்குப் போய், அந்தப் பெரிய வாசலில் நின்றவரை மணிக்கூடு வைத்து எண்ணினேன். நிமிடத்துக்குப் பதினொரு தடவை இமைத்தார்.)

"வாழ்நாள் முழுக்கக் குடிக்க மாட்டம் எண்டு சத்தியம் செய்ய வேணுமாமே?"

உன் அண்ணா கட்டிலில் விழுந்து சிரித்தார். "எங்க மெஸ் பக்கம் சம்பள நாள்ல வந்து பாருங்க தங்கச்சி!"

சீருடை போட்ட பிறகு உட்காரமாட்டார்கள் என்பது உண்மை. மடிப்புக் கலைந்துவிடுமாம். லொறியில்கூட நின்றுகொண்டேதான் வருவார்களாம். காவலர் பேசமாட்டார் என்பது பொய். ஒரு ஆச்சி தினமும் அவரிடம் புறக்கோட்டை பஸ் எங்கே நிற்கும் என்று கேட்பாவாம். உதடு அசையாமல் பதில் சொல்வாராம். துவக்கில் குண்டு இருக்கிறதா என்றதற்கு மட்டும், "அது வேணாம், அடுத்தத கேளுங்க" என்றார்.

மயக்கம் பற்றிக் கேட்டபோது கொஞ்ச நேரம் சப்பாத்துக்குப் பொலிஷ் போட்டார். முழங்காலைப் பூட்டி நின்றால் இரத்தம் காலிலேயே தங்கிவிடுமாம். அதனால் சப்பாத்துக்குள் விரல்களை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டுமாம். பிறகு, "நான் மூணு வாட்டி விழுந்திருக்கேன். பக்கத்தில நிக்கிற ரிப்கான் தூக்கி உள்ள கொண்டு போயிட்டான். வெயில்னு சொல்லி முடிச்சிட்டோம். பேரு மட்டும் போட்டுறாதீங்க தங்கச்சி" என்றார். போடமாட்டேன் என்று சத்தியம் செய்தேன்.

உன் அம்மாவின் இடுப்பு வலி எப்படி?

இப்படிக்கு,
சாம்பவி

*

பொகவந்தலாவை
18.02.2025

சாம்பவி,

உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். மெஸ் கதைக்கு அம்மா சிரித்தார்கள். வலிக்குது வலிக்குது என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டே சிரித்தார்கள். இங்கே வந்த பிறகு அன்றைக்குத்தான் அந்தச் சத்தத்தைக் கேட்டேன்.

நீ என்னிடம் எதையும் மறைப்பதில்லை. அதனால் நானும் ஒன்று சொல்கிறேன். இது உனக்கு மட்டும். அண்ணன் விழுந்தது வெயிலால் இல்லை. அவனுக்கு ஏழு வயதிலிருந்து வலிப்பு இருக்கிறது. படையில் சேரும்போது நோய் இல்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டான். கொட்டாஞ்சேனையில் ஒரு டிஸ்பென்சரி டாக்டரிடம் மாதாமாதம் அப்பா மாத்திரை வாங்கிக் கொடுக்கிறார். ஒழுங்காகப் போட்டால் ஒன்றும் வராது. அந்த மூன்று தடவையும் மாத்திரை முடிந்துபோய் இரண்டு நாள் பிந்திய தடவைகள்.

இதை மறைத்துக்கொண்டு அவன் படையில் இருப்பது அப்பா, அம்மா, நான், ரிப்கான் அண்ணன் நாலு பேருக்குத்தான் தெரியும். நீ ஐந்தாவது.

இங்கே மழை. பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானத்துக்கு ஆள் இல்லை. உன் குறிப்புகளைப் பிரதி எடுத்து அனுப்பு.

துஷ்யந்தி

*

வெள்ளவத்தை
30.03.2025

அன்புள்ள துஷ்யந்தி,

இதனுடன் இருக்கும் பத்திரிகைத் துண்டை முதலில் பார். மாணவர் பக்கத்தின் கட்டுரைப் போட்டியில் எனக்கு முதலிடம்! 'வாசலில் நிற்பவர்: பத்துக் கதைகளும் பத்து உண்மைகளும்'. அஸீஸா டீச்சர் காலைக் கூட்டத்தில் வாசிக்க வைத்தா. அப்பாகூட இரண்டு தடவை வாசித்தார். பிறகு துண்டைக் கிழிக்காமல் கத்தரிக்கோலால் வெட்டித் தந்தார்.

ஏழாவதைப் பார். இரவெல்லாம் யோசித்து எழுதினேன்: "காவலர்கள் கல்லால் ஆனவர்கள் என்பது கதை. அவர்களிலும் நோயை மறைத்துக்கொண்டு நிற்பவர்கள் உண்டு. எனக்குத் தெரிந்த ஒருவர் வலிப்பு நோயுடன் மூன்று தடவை விழுந்து, மூன்று தடவையும் எழுந்து வந்து அதே இடத்தில் நின்றார். கல் விழுந்தால் எழும்பாது."

பெயர் இல்லை. ஊர் இல்லை. இனம் இல்லை. நான் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டேன். வாசிப்பவர்களுக்கு அவர் மேல் மரியாதைதான் வரும்.

டீச்சர், "நன்றியுரை இல்லாட்டி அது ஒப்படையே இல்ல மகள்" என்றா. அதனால் கடைசியில் தகவல் தந்தவர்களுக்கு முறைப்படி நன்றி எழுதியிருக்கிறேன். பொது நூலகத்துக்கும், "தம் சொந்த அனுபவங்களை மனந்திறந்து பகிர்ந்த வாசல் காவலர் இ. பிரதீஸ் அண்ணாவுக்கும்". அதையும் அப்படியே அச்சிட்டிருக்கிறார்கள். அண்ணாவிடம் ஒரு பிரதி கொடுக்கச் சொல்லி உன் அப்பாவிடம் கொடுத்தேன். பெயர் அச்சில் வந்ததைப் பார்த்து அவருக்குச் சந்தோஷமாக இருக்கும்.

விஞ்ஞானக் குறிப்புகள் பின்னால் வருகின்றன.

சாம்பவி

*

பொகவந்தலாவை
11.04.2025

சாம்பவிக்கு,

பெயர் இல்லை என்று எழுதியிருக்கிறாய். கட்டுரையை நீயே ஒரு தடவை கடைசிவரை வாசி. ஏழாவதையும் வாசி, கடைசி வரியையும் வாசி. முதல் பரிசு வாங்கியவளுக்கு இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தெரியவில்லையா?

முகாம் அலுவலகத்தில் தமிழ் தெரிந்த லிகிதர் ஒருவர் இருக்கிறார். அவருக்குச் சேர்த்துப் பார்க்கத் தெரிந்தது. சிங்களத்தில் மொழிபெயர்த்து அதிகாரியின் மேசையில் வைத்துவிட்டார். அண்ணனை வாசலிலிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது முகாமில் புல் வெட்டுகிறான். விசாரணை நடக்கிறது. நோயை மறைத்தது உண்மை என்று வந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அவன் இல்லை என்று சொல்லிவிட்டான். ரிப்கான் அண்ணனும் இல்லை என்று சொல்லிவிட்டார். டாக்டர் சோதித்ததில் ஒன்றும் தெரியவில்லை. இருக்கிற ஒரே சாட்சி உன் ஏழாவது உண்மைதான்.

அதிகாரி ஒரு வழி சொல்லியிருக்கிறார். எழுதிய பிள்ளை, அது தன் கற்பனை என்று பாடசாலைக் கடிதத்தாளில் எழுதித் தந்தால் கோப்பை மூடிவிடுவாராம்.

எழுதிக் கொடு.

து.

*

வெள்ளவத்தை
17.04.2025

அன்புள்ள துஷ்யந்தி,

உன் கடிதம் வந்ததிலிருந்து நான் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. இதை இரக்கத்துக்காக எழுதவில்லை. நடந்தது அது. நன்றியுரை எழுதும்போது அது கட்டுரைக்கு வெளியே இருப்பது போலத்தான் எனக்குத் தோன்றியது. புத்தகங்களில் அந்தப் பக்கத்தை யாரும் வாசிப்பதில்லை. நான் மட்டும்தான் வாசிப்பேன். இது என் பிழை. முழுக்க என் பிழை.

ஆனால் நீ கேட்பதை எப்படிச் செய்வது என்று தெரியவில்லை. நான் எழுதியதில் ஒரு வரிகூடப் பொய் இல்லையே.

ஹெவ்லொக் டவுனில் இருக்கும் என் சுபோதினி சித்தி ஆஸ்பத்திரித் தாதி. யாருக்கு என்று சொல்லாமல் அவவிடம் கேட்டேன். "அந்த வருத்தம் இருக்கிறவை வெயிலுக்க மணிக்கணக்கா நிக்கக் கூடாது. சீமெந்துத் தரையில விழுந்தா மண்டை என்னத்துக்கு ஆகும்?" என்றா. அண்ணா உண்மையைச் சொல்லிவிட்டு வேறு வேலை கேட்க முடியாதா? களஞ்சியத்தில், சமையலறையில், அலுவலகத்தில்? நான் அதிகாரிக்கு ஒரு நல்ல கடிதம் எழுதுகிறேன், மன்னிக்கச் சொல்லி. உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டால் மனிதர்கள் கேட்பார்கள் என்றுதான் நான் நம்புகிறேன்.

உன் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

சாம்பவி

*

பொகவந்தலாவை
24.04.2025

சாம்பவி,

களஞ்சியத்தில் அவனை யார் பார்ப்பார்கள்?

உனக்கு இது விளங்காது. எங்கே போனாலும் உன் அப்பாவைப் பார்த்தாலே கதிரை போடுவார்கள். என் அப்பா புறக்கோட்டையில் மூட்டை தூக்குகிறவர். அவருக்கு முப்பது வருடமாக, "ஏய், தள்ளு" என்பதுதான் பேர். அண்ணன் பத்தாம் வகுப்பில் நின்றுவிட்டு வெள்ளவத்தையில் ஒரு சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவினான். உன் ஆட்கள் நடத்துகிற கடைதான். அங்கே ஒரு நாள் அவனுக்கு வலிப்பு வந்தது. முதலாளி தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. "தோட்டக்காட்டான், சீக்கோட வந்து என்ர கடைய நாறப்பண்ணாத" என்று பின்பக்கத்தால் அனுப்பினான். அதற்குப் பிறகுதான் படைக்குப் போனான். எங்கள் தோட்டத்து லயத்திலேயே எத்தனை பேர் அவனைத் திட்டினார்கள் தெரியுமா?

அந்த வாசலில் அவனை நிறுத்திய அன்று அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். வெள்ளைக்காரர்கள் வரிசையில் நின்று அவனோடு படம் எடுத்தார்கள். பென்ஸ் காரில் வந்த ஒருவர் இறங்கித் தன் பிள்ளைக்கு அவனைக் காட்டினார். அம்மா வீதிக்கு இந்தப் பக்கம் நின்று, "நம்ம புள்ளயா? நம்ம புள்ளயாடி அது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

அவனுக்கு வேறு வேலை வேண்டாம். அந்த இடம்தான் வேண்டும். அவன் நோயை எங்களுக்கு உன் சித்தி சொல்லித் தரத் தேவையில்லை. மாத்திரை போட்டால் நிற்பான். இரண்டு வருடம் நின்றான்.

உன் உண்மைக்கு உனக்குப் பரிசு கிடைத்தது. ஒரு பொய்க்கு உனக்கு என்ன போய்விடும்? பரிசைத் திருப்பிக் கொடுப்பாய், நாலு பேர் சிரிப்பார்கள். அவ்வளவுதான். மே பத்தாம் தேதிக்குள் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் எனக்கு இனிக் கடிதம் போடாதே.

துஷ்யந்தி

*

வெள்ளவத்தை
06.05.2025

துஷ்யந்தி,

கொடுத்துவிட்டேன். அதன் பிரதி:

"என் கட்டுரையில் ஏழாம் பகுதியில் குறிப்பிட்ட நோயுள்ள காவலர் என் கற்பனைப் பாத்திரம். அப்படி ஒருவர் இல்லை. இ. பிரதீஸ் அவர்கள் எனக்குக் காவல் முறைகளை மட்டுமே விளக்கினார். கட்டுரை சுவைப்பதற்காக நானே சேர்த்த பொய்க்கு வருந்துகிறேன். நா. சாம்பவி, தரம் 11."

அஸீஸா டீச்சர் வாசித்துவிட்டுப் பேனையை மூடினா. கையெழுத்துப் போடவில்லை. "நீ அப்ப எழுதினது பொய்யா, இப்ப எழுதினது பொய்யா?" என்று கேட்டா. "அப்ப எழுதினது டீச்சர்" என்றேன். அவ பேனையைத் திரும்பத் திறந்தா. பிறகு கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்தினா. "பொய் சொல்லப் பழகாத முகம் மகள் ஒனக்கு. பழகிக்காத" என்றா.

மாணவர் பக்கத்தில் பரிசு மீளப் பெறப்பட்டது என்று ஒரு சிறிய செய்தி வந்தது. வகுப்பில் என்னைக் 'கற்பனை' என்று கூப்பிடுகிறார்கள். நீ சொன்னது சரி, நாலு பேர்தான் சிரிக்கிறார்கள். அப்பாவிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அவர் பழைய துண்டை மேசை லாச்சியிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளே வைத்தார்.

அண்ணாவிடம் வலிப்புக் குளிசையைத் தவறவிட வேண்டாம் என்று சொல். எனக்காகச் சொல்.

சாம்பவி

*

பொகவந்தலாவை
20.05.2025

அன்புள்ள சாம்பவி,

அண்ணன் திரும்ப வாசலில் நிற்கிறான்!

பதினைந்தாம் தேதி நிறுத்தினார்கள். அப்பா வேலைக்குப் போகாமல் வீதிக்கு மற்றப் பக்கம் மத்தியானம்வரை நின்று பார்த்தாராம். அண்ணன் அப்பாவைப் பார்த்துவிட்டான். ஆனால் முகத்தில் ஒன்றும் காட்டவில்லையாம். அப்பாவுக்கு அதில்தான் பெருமை. "என்னயவே தெரியாத மாதிரி நிக்கிறான்டி!" என்று, நான் கடைவீதிக்கு இறங்கிப் பேசியபோது போனில் கத்தினார்.

உன்னை மிகவும் ஏசிவிட்டேன். எழுதியதைத் திரும்ப எடுக்க முடியாது. எடுக்க முடிந்தால் எடுப்பேன். அம்மா உனக்குத் தேயிலை அனுப்பச் சொன்னார்கள், நல்ல தூள். பார்சல் வரும்.

மாத்திரை இப்போதைக்கு இல்லை. விசாரணைக்குப் பிறகு முகாமில் அவர்களுடைய பெட்டிகளைச் சொல்லாமல் கொள்ளாமல் திறந்து பார்க்கிறார்களாம். நோயே இல்லை என்று எழுத்தில் இருக்கும்போது அந்த மாத்திரை அகப்பட்டால் உன் கடிதமும் பொய்யாகிவிடும். அதனால் லீவில் அறைக்கு வரும்போது மட்டும் போடுகிறான். கொஞ்ச நாள்தான். பொசன் விடுமுறை கழிந்தால் சோதனை குறையும் என்று ரிப்கான் அண்ணன் சொன்னாராம். மூன்று கிழமைதானே.

துஷ்யந்தி

*

வெள்ளவத்தை
27.05.2025

துஷ்யந்தி,

உன் கடிதம் இன்று பகல் வந்தது. வாசித்தவுடன் பாடசாலை உடுப்போடேயே கோட்டைக்குப் போனேன். முன்பே சித்தியிடம் கேட்டிருக்கிறேன், திடீரென்று நிறுத்தினால் முன்பைவிட மோசமாக வருமாம்.

அண்ணா வாசலின் இடப்பக்கம் நின்றார். வலப்பக்கம் ரிப்கான் அண்ணா. சீனச் சுற்றுலாக்காரர்கள் பத்துப் பேர் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நானும் படம் எடுப்பவள் போலப் பக்கத்தில் போய் நின்றேன். "அண்ணா, குளிசையை விடாதேங்கோ. லீவில அறையில மட்டும் போட்டாப் போதாது. நான் ஒவ்வொரு நாளும் கொண்டுவந்து தாறன்" என்றேன்.

அவர் எனக்கு மேலாக வீதியைப் பார்த்தபடியே, "போங்க தங்கச்சி. நான் நல்லா இருக்கேன்" என்றார்.

"இல்லை அண்ணா..."

"நீங்க எழுதிக் குடுத்தீங்கல்ல, எனக்கு ஒண்ணும் இல்லன்னு. அது அப்பிடியே இருக்கட்டும். போங்க, சார்ஜன் பாக்குறாரு."

காதுக்குக் கீழே வியர்வை இறங்கிக்கொண்டிருந்தது. கையுறை வெண்மையாக இருந்தது. வேறு ஒரு குறையும் எனக்குத் தெரியவில்லை. எனக்குக் கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை.

உன் அப்பாவைப் போய்ப் பார்க்கச் சொல். நீயும் பேசு. ரிப்கான் அண்ணாவின் பெட்டியில் வைக்க முடியாதா? இதை இன்றே தபாலில் சேர்க்கிறேன்.

சாம்பவி

*

பொகவந்தலாவை
19.06.2025

சாம்பவி,

முந்தாநாள் அடக்கம் முடிந்தது. உனக்கு அனுப்ப வைத்த தேயிலைப் பார்சல் இன்னும் கட்டியபடியே மூலையில் இருக்கிறது.

உன் இருபத்தேழாம் தேதிக் கடிதம் ஐந்து நாள் கழித்து வந்தது. வாசித்தேன். கடைவீதிக்கு இறங்கி அண்ணனிடம் போனில் கேட்டேன். சிரித்தான். நானும் சிரித்தேன். அதற்கு மேல் நான் ஒன்றும் செய்யவில்லை. பொய் எழுதச் சொன்னவள் நான், மாத்திரை கொஞ்ச நாள்தானே என்றவளும் நான். உனக்குப் பங்கு இல்லை என்று நான் சொல்லமாட்டேன். எனக்குப் பங்கு இல்லை என்று நீயும் எழுதாதே.

அம்மாவைத் தூக்கிக்கொண்டு கொழும்புக்கு வர முடியவில்லை. பெட்டியை இங்கே கொண்டுவந்து திறந்தபோது அவன் தலையில் தொப்பி இருந்தது. தொப்பியை எடுக்க வேண்டாம் என்று அப்பா சொன்னார். வந்ததிலிருந்து சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார். இங்கே ஆளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். சுட்டுவிட்டார்கள் என்கிறார்கள். சிங்களப் பையன்கள் அடித்துக் கொன்றார்கள் என்கிறார்கள். நின்றபடியே உயிர் போனது, விழவேயில்லை என்று கோயில் பூசாரி சொல்கிறார். அம்மா அதைத்தான் நம்புகிறார்கள்.

நீ கொழும்பில் அண்ணன் உடலை வைத்திருந்த மலர்ச்சாலைக்குப் போனதாக அப்பா சொன்னார். எனக்கு நடந்தது வேண்டும். நீ கண்டதைத் தனியாக, கேட்டதைத் தனியாக எழுது. என்னை நினைத்து ஒன்றையும் விடாதே.

துஷ்யந்தி

*

வெள்ளவத்தை
24.06.2025

துஷ்யந்தி,

கேட்டது முதலில். இது ரிப்கான் அண்ணா என்னிடம் சொன்னது. மலர்ச்சாலையின் பின்பக்கத் தண்ணீர்க் குழாயடியில் நின்று சொன்னார். நான் குறிப்பெடுக்கவில்லை, ஆனால் ஒவ்வொரு சொல்லும் நினைவில் இருக்கிறது.

சனிக்கிழமை, பதினான்காம் திகதி. காலை பதினொன்று இருபது. அவர்கள் நிற்கத் தொடங்கி நாற்பது நிமிடம். வெயில் பெரிதாக இல்லை, முகில் இருந்தது. அண்ணாவின் இடது கை முதலில் துடித்ததாம். துவக்கின் அடி கல்லில் தட்டும் சத்தம்தான் ரிப்கான் அண்ணாவுக்கு முதலில் கேட்டது. பிறகு முன்பக்கமாக விழுந்தார். வாசற்படியின் விளிம்பில் நெற்றியின் பக்கம் அடிபட்டது.

"ஆக்கள் நிறைய நிண்டாங்க தங்கச்சி. ஒருத்தரும் தொடல்ல. காவல்காரனத் தொட்டா குத்தம் எண்டு நெனச்சாங்களோ என்னமோ. ரெண்டு பேர் வீடியோ எடுத்தாங்க. ஒரு பொம்புளப் புள்ள இதுவும் சடங்குல சேத்தியா எண்டு இங்கிலீஷ்ல கேட்டா" என்றார்.

நான் கேட்டேன், நீங்கள் எங்கே நின்றீர்கள் என்று. கேட்டிருக்கக் கூடாது. ஆனால் கேட்டேன்.

"பத்தடி தூரத்தில. பக்கத்தில ஆள் விழுந்தா அசையலாம். கத்திக் கூப்பிடலாம். அப்பிடி ஒரு தடையும் இல்ல, எனக்கு நல்லாத் தெரியும். முந்தி மூணு தரம் நான்தானே தூக்கின. இந்த முறை விசாரணை எல்லாம் நடந்தப்புறம், நான் ஓடினா மறுபடி கேப்பாங்க, ஒனக்கு எப்பிடித் தெரியும் எண்டு. அதுதான் மண்டையில ஓடிச்சி. எண்ணினேன். இருவது வரைக்கும் எண்ணினேன். எழும்பிருவான் எண்டு. அல்லாஹ் மேல சத்தியமா எழும்பிருவான் எண்டுதான் நெனச்ச."

இருபதுக்குப் பிறகு ஓடியிருக்கிறார். ஆஸ்பத்திரியில் பிற்பகல் இரண்டு மணிக்கு முடிந்தது. அண்ணாவுக்கு நினைவு திரும்பவில்லை. ஆகவே வலி தெரிந்திருக்காது என்று சித்தி சொல்கிறா. இது சித்தியின் கருத்து. உண்மையா என்று எனக்குத் தெரியாது.

இனி நான் கண்டது.

திங்கட்கிழமை பாடசாலை விட்டதும் அப்பா என்னை ஓட்டோவில் கூட்டிக்கொண்டு போனார். நான் கேட்கவில்லை. அவராகவே வாசலில் ஓட்டோவை மறித்து வைத்திருந்தார். மலர்ச்சாலைக்கு முன்னால் சீருடைக்காரர் நிறைய நின்றார்கள். "நீ உள்ளுக்க போ. நான் இதில நிக்கிறன்" என்று பஸ் தரிப்பிடத்தில் இருந்துகொண்டார்.

மண்டபத்தில் பெட்டிக்கு மேல் கொடி போர்த்தியிருந்தது. நாலு மூலையிலும் நாலு காவலர்கள். துவக்கின் வாயைச் சப்பாத்தின் மேல் ஊன்றித் தலையைக் குனிந்து நின்றார்கள். கால் மணித்தியாலத்துக்கு ஒரு தடவை ஆள் மாறினார்கள். நாலு பேருக்கும் அண்ணாவின் வயதுதான் இருக்கும். ஒருவருடைய மூக்கு நுனியிலிருந்து கண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. அவர் துடைக்கவில்லை.

உன் அப்பா முதல் வரிசையில் இருந்தார். யாருடையதோ பெரிய வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். நான் பக்கத்தில் போய் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் அதிகாரி ஒருவர் கோப்புடன் வந்து குனிந்து, சிங்களத்தில், மரியாதையாகத்தான் கேட்டார். மகனுக்கு முன்பு ஏதும் நோய் இருந்ததா என்று. வெயில் மயக்கம், கடமையில் மரணம் என்று எழுத வேண்டும், அதற்காக என்றார்.

உன் அப்பா எழும்பி நின்றார். "நே சர். கவதாவத் நே" என்றார். ஒருநாளும் இல்லை என்று.

அதிகாரி எழுதினார். பிறகு என்னைக் காட்டி யார் என்று கேட்டார். "தங்கச்சி மாதிரி" என்றார் உன் அப்பா. அதிகாரி என் பெயரைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தன் கோப்பில் இருக்கும் பெயர் அதுதான் என்று கண்டிருப்பார். என்னிடம் வேறு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எட்டு நாளாக யோசிக்கிறேன். எனக்குத் தெரியவில்லை, துஷ்யந்தி. தெரியாததை எழுத முடியாது.

அவர் போன பிறகு உன் அப்பா என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டார்:

"உண்மையச் சொன்னா அந்தக் கொடிய எடுத்துருவாங்கல்ல பாப்பா?"

"ஓம்" என்றேன்.

ஐந்து மணிக்குக் கொடியை மடித்து எடுத்தார்கள். முக்கோணமாக அல்ல, நீளவாட்டில் நாலாக. பெட்டியைத் தூக்கும்போது உன் அப்பா கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். அப்போதுதான் என் அப்பா உள்ளே வந்ததைக் கண்டேன். சீருடைக்காரருக்கு நடுவால் வந்து உன் அப்பாவின் கையைப் பிடித்தார். "எங்கட தம்பியின்ர உடம்பே எங்களுக்குத் தரேல்ல. நீங்கள் கூட்டிக்கொண்டு போங்கோ. நடவுங்கோ" என்றார். உன் அப்பாவுக்கு அது விளங்கியதோ தெரியாது. ஆனால் நடந்தார். பெட்டியை ஏற்றிய வான் வண்டி வரைக்கும் அப்பா கையை விடவில்லை.

வான் போன பிறகு சார்ஜன்ட் ஒருவர் கையுறைகளை எண்ணி ஒரு சொப்பிங் பையில் போட்டார். ஒரு சோடி குறைந்தது. மண்டபத்துக்குள் எட்டிப் பார்த்தார். நானும் பார்த்தேன். கடைசி முறைக்கு வந்து நின்ற ரிப்கான் அண்ணா பெட்டி இல்லாத மேடையின் மூலையில், தலையைக் குனிந்தபடி இன்னும் நின்றார். சார்ஜன்ட் பெயர் சொல்லி இரண்டு தடவை கூப்பிட்டார். அவர் அசையவில்லை. மலர்ச்சாலைப் பணியாளர் எங்கள் எல்லோரையும் ஒரு தடவை பார்த்தார். அடுத்த பெட்டி ஆறு மணிக்கு வருகிறது என்றார். பிறகு சுவரோரமாகப் போய், ஒவ்வொன்றாக, விளக்குகளை அணைத்தார்.

சாம்பவி